புளியங்கொட்டையில் ஓட்டை போடும் வண்டு: பயறு வண்டும் இதுவும் ஒன்றா?

திருப்புல்லாணி செல்வி
மார்ச் 16, இரவு 9.20

எல்லாருக்கும் வணக்கம். எங்க கொல்லையிலயும் வயக்காட்டு வரப்புலயுமா அஞ்சு புளியமரம் நிக்கிது. மாமனார் காலத்து மரங்க. வருசா வருசம் மாசிக் கடைசியில உலுக்கி, தோடு தட்டி, பாதியைக் கொட்டை எடுத்து வைப்போம், பாதியைக் கொட்டையோடயே மூட்டை கட்டிருவோம். விலை ஏறுறப்ப ஆள் விட்டு கொட்டை எடுத்து விக்கிறது வழக்கம்.

போன வருசம் கொட்டையோட வச்ச நாலு மூட்டையில ரெண்டு போச்சு. ஆடி மாசம் சாக்கைப் பிரிச்சா கொட்டைக்குக் கொட்டை வட்டமா ஓட்டை. சாக்கு அடியில பழுப்பா பொடி கொட்டிக் கிடக்கு. மூலையில வெள்ளைக் காகிதத்தைக் கிழிச்சு ஒட்டுன மாதிரி சின்னச் சின்னக் கூடு. செம்பழுப்பா வண்டு ஓடுது. புளியை வாங்க வந்தவரு கையில அள்ளிப் பாத்துட்டுத் திரும்பக் கொட்டிட்டுப் போயிட்டாரு. அந்த வருசம் மகளோட ஃபீஸ் கட்ட அதைத்தான் நம்பியிருந்தேன்.

எங்க நாத்தனார் சொல்றாங்க, பாசிப்பயறு டப்பாவுல இருக்கிற வண்டுதான் புளிக்குத் தாவியிருக்குன்னு. அதை நம்பி இந்த வருசம் பயறு, தட்டப்பயறு எல்லாத்தையும் வேற அறைக்கு மாத்தியாச்சு. ஆனா மனசு கேக்கல. ரெண்டும் ஒரே வண்டுதானா? பயறே இல்லாத அறையில வச்சா புளி தப்பிக்குமா? தெரிஞ்சவங்க சொல்லுங்க.


சாயல்குடி கடைக்காரர்
மார்ச் 16, இரவு 10.05

அக்கா, நான் மளிகை வச்சிருக்கேன். அரிசியில வர்ற மூக்கு வண்டாத்தான் இருக்கும். எங்க கடையில புளி மூட்டைக்குப் பக்கத்துல குண்டு மிளகாய் மூட்டை கிடந்துச்சு, மிளகாயிலயும் வண்டு. எல்லாம் ஒண்ணுக்குள்ள ஒண்ணு. மருந்து மாத்திரை போட்டு மூடி வச்சா செத்துரும்.


உச்சிப்புளி வாத்தியார்
மார்ச் 17, காலை 6.15

செல்வி அம்மா, உங்கள் கேள்வி நல்ல கேள்வி. பதில் கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள். முப்பது வருடம் விலங்கியல் சொல்லிக் கொடுத்தவன் நான். இந்த வண்டை முதலில் பார்த்ததும் என் வீட்டுப் புளிப் பானையில்தான்.

அதற்கு முன்னால் ஒன்று. கடைக்காரத் தம்பி சொன்ன மாத்திரையை வீட்டில் யாரும் போடாதீர்கள். அலுமினியம் பாஸ்பைடு காற்றின் ஈரம் பட்டாலே பாஸ்பீன் வாயுவை விடும். ஆட்கள் படுத்து உறங்கும் வீட்டில் அது உயிரை எடுத்துவிடும். பயிற்சி பெற்றவர்கள் கிடங்குகளில் கையாள வேண்டிய பொருள் அது.

இனி வண்டு. நீங்கள் சொன்ன மூன்று அடையாளங்கள், அதாவது செம்பழுப்பு உடல், பெரிய வட்ட ஓட்டை, சாக்கு மூலையில் காகிதக் கூடு, இவற்றை வைத்துப் பார்த்தால் இது புளியங்கொட்டை வண்டு. அறிவியல் பெயர் காரியடான் செர்ராட்டஸ். 1790இல் ஒலிவியே என்ற பிரெஞ்சுக்காரர் இதற்குப் பெயரிட்டார். பாசிப்பயறில் வருவது காலோசோபுருக்கஸ் என்ற வேறு பேரினம். இரண்டுக்கும் விதைதான் உணவு, அந்த அளவில் சொந்தக்காரர்கள். ஆனால் அது போடும் முட்டையிலிருந்து இது வராது. பயறை அறை மாற்றி வைத்ததால் புளிக்கு ஒரு பயனும் இல்லை.

நான் சொல்வதை நம்ப வேண்டாம், கண்ணால் பாருங்கள். ஒரு வண்டைப் பிடித்துச் சிறிய டப்பாவில் அடைத்து, குளிர்பெட்டியின் உறைநிலை அறையில் ஓர் இரவு வையுங்கள். காலையில் வெள்ளைத் தாளில் மல்லாக்கப் போட்டு, பூதக்கண்ணாடியால் பின்னங்காலைப் பாருங்கள். அந்த ஒரு கால் போதும்.

பின்தொடை உடலுக்குச் சற்றும் பொருந்தாத அளவுக்குப் பருத்திருக்கும், வெட்டுக்கிளித் தொடையைப் போல. அதன் அடி விளிம்பில் சீப்புப் பல் மாதிரி முட்கள் வரிசையாக நிற்கும். முதலில் ஒரு பெரிய முள், அதை அடுத்து எட்டு முதல் பன்னிரண்டு சின்ன முட்கள். தொடைக்குக் கீழே வரும் கணைக்கால் நேராக இருக்காது, அரிவாளைப் போல வளைந்திருக்கும். காலை மடக்கும்போது அந்த வளைவு தொடையின் விளிம்பில் கச்சிதமாகப் போய் உட்காரும். இந்தச் சீப்பும் வளைவும் இருந்தால் அது பயறு வண்டே இல்லை. பயறு வண்டின் பின்தொடையில் உள்பக்கம் ஒன்று, வெளிப்பக்கம் ஒன்று என்று பல் இருக்கும், சீப்பு இருக்காது.

அளவிலும் வேறுபாடு உண்டு. பயறு வண்டு 2 முதல் 3.5 மில்லிமீட்டர். புளியங்கொட்டை வண்டு 4 முதல் 7 வரை வளரும். பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் கன்றுக்குட்டியும் மாடும் நிற்பது போல இருக்கும்.

தம்பி, இது மூக்கு வண்டும் இல்லை. அரிசி வண்டுக்கு முகத்தின் முன்னால் நீண்ட மூக்கு உண்டு. இதற்கு முகம் குட்டை. கண் பெரியது, பிதுங்கியது, முன்பக்கம் வெட்டுப்பட்டது. அந்த வெட்டுக்குள்ளிருந்துதான் உணர்கொம்பு கிளம்புகிறது. பதினொரு கணு, மேல்கணுக்கள் ரம்பப் பல்லைப் போல இருக்கும். செர்ராட்டஸ் என்றாலே ரம்பப் பல் கொண்டது என்று பொருள். முன்பெல்லாம் விதை வண்டுகளுக்கென்று தனிக் குடும்பமே வைத்திருந்தார்கள். இப்போது இலை வண்டுக் குடும்பத்துக்குள் ஒரு துணைக்குடும்பமாகச் சேர்த்துவிட்டார்கள்.

முதுகைப் பாருங்கள். மேல்சிறகு இரண்டும் வால்முனை வரை மூடாது. சட்டை குட்டையாகிப் போன பிள்ளைக்கு இடுப்புத் தெரிவது மாதிரி, வயிற்றின் கடைசித் தகடு வெளியே தெரியும். எல்லா விதை வண்டுக்கும் பெரும்பாலும் இப்படித்தான். சிறகின் மேல் ஒழுங்கில்லாத கருந்திட்டுகள் இருக்கும். நிறத்தை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள், வண்டுக்கு வண்டு மாறும்.

மிளகாய் மூட்டையில் இருந்தது இரண்டுமே இல்லை. சிகரெட் வண்டு என்று சொல்வார்கள், லாசியோடெர்மா. 2 மில்லிமீட்டரைச் சுற்றி இருக்கும், தலையைக் கவிழ்த்து மார்புக்கு அடியில் ஒளித்திருக்கும், பக்கவாட்டில் பார்த்தால் கூன் விழுந்தது போலத் தெரியும். மிளகாய், மஞ்சள், மல்லி எல்லாவற்றையும் தின்னும். புளியங்கொட்டை வண்டுக்கு மிளகாயில் பிழைப்பே கிடையாது, அதன் குடும்பம் அவரைக் குலத்து விதையில் மட்டுந்தான் நடக்கும்.


சாயல்குடி கடைக்காரர்
மார்ச் 17, காலை 8.30

ஐயா, மாத்திரை விசயத்துல நான் தெரியாமச் சொல்லிட்டேன், மன்னிச்சிருங்க. கடைக்கு மேலதான் பிள்ளைக படுக்குது. இன்னைக்கே எடுத்து அப்புறப்படுத்திர்றேன்.


உச்சிப்புளி வாத்தியார்
மார்ச் 17, காலை 8.50

தம்பி, பிரிக்காத டப்பாவாக இருந்தால் திறக்காமல் வாங்கின இடத்திலேயே ஒப்படைத்துவிடுங்கள். தண்ணீரில் போடவே கூடாது. குப்பையிலும் எறியாதீர்கள். ஏற்கனவே மூட்டைக்குள் போட்டிருந்தால் நீங்களாக மூட்டையைப் பிரிக்க வேண்டாம். பிள்ளைகளை உடனே வேறு வீட்டுக்கு அனுப்பிவிட்டு, வேளாண் அலுவலகத்தில் சொல்லி ஆள் கூப்பிடுங்கள்.


சாயல்குடி கடைக்காரர்
மார்ச் 17, காலை 9.10

பிரிக்காத டப்பாதான் ஐயா. கொண்டுபோய்க் குடுத்துட்டு வந்துட்டேன்.


திருப்புல்லாணி செல்வி
மார்ச் 18, மாலை 6.40

ஐயா, பாத்துட்டேன். சாக்குத் தையல் ஓரத்துல காஞ்சு கிடந்த போன வருசத்து வண்டு ஒண்ணு கிடைச்சுச்சு. மகதான் பூதக்கண்ணாடி பிடிச்சா. தொடையில சீப்புப் பல் மாதிரி அப்படியே இருக்கு. பெருசு ஒண்ணு, சின்னது ஒம்பது எண்ணுனோம். பயறு டப்பாவுல எடுத்ததுக்கு அப்படி எதுவும் இல்ல, கொசுவை விடக் கொஞ்சம் பெருசு, அவ்வளவுதான்.

இப்ப அடுத்த சந்தேகம். பயறுல இருந்து வரலைன்னா எங்கிருந்து வந்துச்சு? மூட்டை கட்டுறப்ப நல்ல புளிதான். நானே ஒவ்வொரு பழமாப் பாத்துத்தான் தோடு உரிச்சேன்.


மண்டபம் மாணவி
மார்ச் 18, இரவு 8.00

அக்கா, நான் முதுநிலை விலங்கியல் படிக்கிறேன். வாத்தியார் ஐயா சொன்னதோட ஒண்ணு சேத்துக்கிறேன். பழத்தைப் பாத்துக் கண்டுபிடிக்க முடியாது, ஏன்னா உள்ள போன வழியே தெரியாது. தாய் வண்டு முட்டையைப் பழத்தோட தோட்டு மேல, பெரும்பாலும் வெடிப்புல, பசை வச்சு ஒட்டிரும். முட்டை பால் கலங்குன நிறத்துல, ஊசி முனை அளவு. புழு முட்டையோட மேல்பக்கத்தைப் பிச்சுக்கிட்டு வெளிய வராது. ஒட்டியிருக்கிற அடிப்பக்கத்தைக் கடிச்சு நேரா தோட்டுக்குள்ள, சதைக்குள்ள, கொட்டைக்குள்ளன்னு போயிரும். துளை மயிரிழை அளவுதான், முட்டைத் தோலே அதுக்கு மூடியாவும் ஆயிரும். நீங்க உரிச்சு எறிஞ்ச தோட்டுல முட்டை ஒட்டியிருந்திருக்கும், புழு மட்டும் கொட்டைக்குள்ள உக்காந்திருக்கும்.

அதாவது நோய் மரத்துலயே பிடிச்சிருச்சு.


உச்சிப்புளி வாத்தியார்
மார்ச் 18, இரவு 9.30

மாணவி சொன்ன கடைசி வரிதான் முக்கியமானது. நாம் எல்லோரும் சாக்கைத் திட்டுகிறோம், அறையைத் திட்டுகிறோம். வண்டு வந்தது மரத்திலிருந்து. தோடு காய்ந்து வெடிக்கத் தொடங்கியதும் முட்டை விழ ஆரம்பித்துவிடும். பழுத்த பிறகு எத்தனை நாள் மரத்தில் தொங்குகிறதோ, எத்தனை நாள் கீழே கொட்டிக் கிடக்கிறதோ, அத்தனைக்கு முட்டை கூடும்.

உள்ளே நடப்பதையும் சொல்லிவிடுகிறேன். சுமார் 30 முதல் 33 டிகிரி வெப்பமும் 70 சதவீத ஈரப்பதமும் இதற்கு மிகவும் பிடித்த சூழல். அப்போது முட்டையிலிருந்து முழு வண்டாக ஆறு வாரம் போதும். நம் கடலோரத்துக் காற்று எப்படி இருக்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பங்குனியில் கட்டிய மூட்டை ஆடி வரை கிடந்தால் இரண்டு தலைமுறைக்குக் குறையாமல் ஓடிவிடும். இரண்டாவது தலைமுறைக்கு மரமே வேண்டாம், மூட்டைக்குள்ளேயே எல்லாம் இருக்கிறது.

பயறு வண்டுக்கும் இதற்கும் நடத்தையில் உள்ள பெரிய வித்தியாசம் கூட்டுப்புழு நிலையில்தான். பயறு வண்டு பயறுக்குள்ளேயே கூட்டுப்புழுவாகும். வெளியேறப் போகும் இடத்தில் தோலை மட்டும் விட்டு உள்ளே அரித்து வைக்கும். பயறின் மேல் மங்கலான வட்டம், ஜன்னல் வைத்த மாதிரி தெரிவது அதனால்தான். புளியங்கொட்டை வண்டின் புழு பல வேளை கொட்டையைத் துளைத்து வெளியே வந்து, கொஞ்ச தூரம் ஊர்ந்து, சாக்கின் மூலையிலோ சுவர் வெடிப்பிலோ அந்தக் காகிதக் கூட்டைக் கட்டும். ஆக, நீங்கள் பார்த்த ஓட்டை வண்டு போட்டதாகவே இருக்க வேண்டியதில்லை, புழு போட்டதாகவும் இருக்கலாம். மூட்டையை விற்றுச் சாக்கை உதறி மடித்து வைத்தாலும் கூடு சாக்கிலேயே தங்கிவிடும். அடுத்த பருவத்தின் புதுப் புளிக்குப் பழைய சாக்குதான் இரண்டாவது வாசல்.

முழு வண்டு விதையைத் தின்னாது. இரண்டு மூன்று வாரம் உயிரோடு இருந்து, முட்டை வைத்துவிட்டுப் போய்விடும். தீனி எல்லாம் புழுப் பருவத்தில் முடிந்துவிட்டது.


கமுதி கரிமூட்டம்
மார்ச் 19, பகல் 1.15

வணக்கம் ஐயா. நான் சீமைக்கருவேலம் வெட்டி மூட்டம் போடுறவன். எங்க பக்கம் நெத்து நெத்தா உதுந்து கிடக்கு, அதுலயும் ஓட்டை பாத்திருக்கேன். இந்த வண்டு அதையும் திங்குமா? திங்கும்னா இதைப் பெருக்கி விட்டா சீமைக்கருவேலம் தானா ஒழியாதா? நாட்டுக்கருவக் காயிலயும் இது வருமா?


உச்சிப்புளி வாத்தியார்
மார்ச் 19, இரவு 9.10

கமுதிக்காரரே, உங்கள் கேள்வியில்தான் இந்த வண்டின் முழுக் கதையும் இருக்கிறது.

இதன் பழைய வீடு ஆசியாவும் வடகிழக்கு ஆப்பிரிக்காவும். உணவுச் செடிகள் பெரும்பாலும் அவரைக் குலத்து மரங்கள். புளி, கருவேல வகைகள், சரக்கொன்றை, மந்தாரை வகைகள் ஆகியவற்றில் பதிவாகியிருக்கிறது. இவற்றில் பல நம் மாவட்டத்துச் சாலையோரத்திலேயே நிற்பவை. அதன் பிறகு மனிதன் இரண்டு செடிகளைக் கடல் கடந்து கொண்டுவந்தான். இரண்டுமே அமெரிக்கக் கண்டங்களைச் சேர்ந்தவை. ஒன்று நிலக்கடலை. மற்றது உங்கள் சீமைக்கருவேலம், மதராஸ் மாகாணத்தில் கடப்பைப் பக்கம் 1877இல் விதைத்தார்கள். இரண்டையும் இந்த வண்டு ஏற்றுக்கொண்டது. மேற்கு ஆப்பிரிக்காவில் கடலைக் கிடங்குகளுக்குப் பெரும் சேதம் இதனால்தான். ஓடு உடைக்காத கடலை மேல் முட்டை வைத்து, ஓட்டைத் துளைத்துப் பருப்புக்குப் போகும். நம் நாட்டில் இதன் முதன்மை இலக்கு புளிதான்.

செல்வி அம்மா, விதைக்கடலையை ஓட்டோடு புளி அறையில் வைத்திருந்தால் இன்றே மாற்றுங்கள். பயறுக்குப் பதிலாக மாற்றியிருக்க வேண்டியது அதைத்தான்.

நாட்டுக்கருவேலம் பற்றிக் கொஞ்சம் கவனமாகப் பேச வேண்டும். பழைய பட்டியல்களில் கருவேலத்தில் வந்த காரியடான் எல்லாவற்றையும் செர்ராட்டஸ் என்றே எழுதி வைத்தார்கள். மேற்கு ஆப்பிரிக்காவில் பின்னர் நுணுகிப் பார்த்தபோது, ஒன்றுபோலவே இருக்கும் பல இனங்கள் வெவ்வேறு மரங்களில் தனித்தனியாக வாழ்வது தெரிந்தது. கருவேலத்துக்கென்றே ஒன்று, காரியடான் அகேசியே. ஆண் வண்டின் இனவுறுப்பை எடுத்துக் கண்ணாடித் தகட்டில் வைத்துப் பார்த்தால்தான் பிரித்துச் சொல்ல முடியும். சீப்புத் தொடை பேரினத்தைக் காட்டும், இனத்தைச் சொல்ல அது மட்டும் போதாது. புளியில் கிடைத்தால் செர்ராட்டஸ் என்று தைரியமாகச் சொல்லலாம். குடைவேலத்திலோ கருவேலத்திலோ கிடைத்ததற்குப் பெயர் வைக்க நான் அவசரப்பட மாட்டேன்.

சீமைக்கருவேலத்தை வண்டு அழிக்குமா என்பதற்குத் தென்னாப்பிரிக்காவில் ஒரு பதில் இருக்கிறது. அங்கேயும் இதே பேரினத்து மரங்கள் பரவி நிலத்தை விழுங்கின. 1987இல் அமெரிக்காவிலிருந்து அல்கரோபியஸ் புரொசோபிஸ் என்ற விதை வண்டைக் கொண்டுவந்து விட்டார்கள். மரத்தைக் கொல்லாமல் விதையை மட்டும் குறைக்கலாம் என்று எண்ணம், ஏனென்றால் நிழலும் விறகும் தீவனமும் அங்கேயும் ஆட்களுக்குத் தேவைப்பட்டது. வண்டு நன்றாகவே பிடித்துக்கொண்டது. ஆனால் நெத்து கீழே விழுந்ததும் ஆடு மாடு தின்றுவிடுகிறது. வண்டுக்கு முன்னால் ஆடு போய்விடுகிறது. கெட்டியான விதை சாணத்திலும் புழுக்கையிலும் முழுசாக வெளியே வந்து, எருவோடு சேர்ந்து முளைத்துவிடுகிறது. கால்நடை நுழையாமல் வேலி போட்ட இடத்தில் மட்டும் வண்டு அதிக விதையைத் தின்றது.

நம் ஊர்க் கதையும் இதேதான். கீதாரிகள் கிடை போடும் ஊர் இது. கோடையில் ஆட்டுக்கு அந்த நெத்தை விட்டால் வேறென்ன இருக்கிறது? அவர்களைக் குறை சொல்லவே முடியாது. ஆனால் கம்மாய்க்குக் கம்மாய் விதை போனதில் ஆட்டின் வயிற்றுக்குப் பெரும் பங்கு உண்டு. நம்முடைய வண்டை வளர்த்து விட்டால் மரம் ஒழியாது. முதலில் செல்வி அம்மாவின் புளிதான் ஒழியும். தயவு செய்து அந்த யோசனையை விட்டுவிடுங்கள்.


கமுதி கரிமூட்டம்
மார்ச் 19, இரவு 10.00

புரியிது ஐயா. கிடை போட்ட வயல்லதான் முதல்ல கண்டு முளைக்கும், அது நாங்களும் பாத்ததுதான். வண்டோட இதை நான் சேத்துப் பாத்ததே இல்ல.


மண்டபம் மாணவி
மார்ச் 20, மாலை 5.30

ஐயா, ஒரு துணைக் கேள்வி. மண்டபத்துல இருந்து தனுஷ்கோடி வரைக்கும் மணல்ல அடப்பங்கொடி படர்ந்து கிடக்கே, அதோட காயிலயும் துளை பாத்தேன். அதுவும் காரியடானா?


உச்சிப்புளி வாத்தியார்
மார்ச் 20, இரவு 8.45

இருக்க வாய்ப்பில்லை, மகளே. அடப்பங்கொடி, அதாவது அடும்பு, அவரைக் குலம் இல்லை, தாளிக் குலம். நம் பக்கத்து உலகில் தாளிக் குலத்தையும் பருத்திக் குலத்தையும் தின்பது ஸ்பெர்மோபேகஸ் என்ற பேரினம். பின்கணைக்காலின் நுனியில் அசையக்கூடிய இரண்டு முட்கள் உண்டா என்று பார். இருந்தால் அதுதான். அந்துப்பூச்சிப் புழுவும் துளை போடும், அதனால் காயைப் பிளந்து உள்ளே இருப்பதைப் பார்க்காமல் முடிவு செய்யாதே. தீவுப் பக்கம் போனால் தேசியப் பூங்கா எல்லைக்குள் எதையும் பறிக்காதே. உச்சிப்புளிச் சாலையோரத்திலேயே வேண்டிய மட்டும் கிடக்கிறது.


திருப்புல்லாணி செல்வி
மார்ச் 21, காலை 7.10

ஐயா, இன்னும் ஒரு மரம் உலுக்கல. விதைக்கடலையை மாத்தியாச்சு. நான் என்னென்ன செய்யணும்னு எனக்குப் புரியிற மாதிரி சொல்லுங்க. ஆள் கூலி குடுத்து எல்லாக் கொட்டையையும் இப்பவே எடுக்க எனக்குக் கட்டுபடியாகாது.


உச்சிப்புளி வாத்தியார்
மார்ச் 21, காலை 9.00

முடிந்தவரை கொட்டையை எடுத்துவிடுவதுதான் முதல் வைத்தியம். கொட்டை இல்லாத புளியில் இந்த வண்டு குடும்பம் நடத்த முடியாது. ஆள் வைக்க முடியாவிட்டால் தினம் ஒரு மணி நேரம் வீட்டில் இருப்பவர்கள் உட்கார்ந்து தட்டினால் ஆனவரை ஆகட்டும். கீழே விழுந்து கிடந்த பழத்தையும் மரத்திலேயே வெடித்த பழத்தையும் முதலில் தட்டுங்கள், அவற்றில்தான் முட்டை அதிகம். கிளையிலிருந்து உலுக்கின முழுத் தோட்டுப் பழத்தைக் கொட்டையோடு வைக்கலாம். இரண்டையும் ஒரே மூட்டையில் கலக்காதீர்கள். போன வருடம் நீங்கள் கலந்திருப்பீர்கள் என்பது என் ஊகம்.

எடுத்த கொட்டையை அறைக்குள் குவிக்காதீர்கள். கொட்டை வாங்குகிறவர்கள் வந்தால் உடனே கொடுத்துவிடுங்கள், மாவாக்கி நூலுக்குக் கஞ்சி போட வாங்குவார்கள். விற்காத கொட்டையை வறுத்துவிடுங்கள்.

பழைய சாக்கைக் கொதிக்கிற தண்ணீரில் முக்கிக் காய வையுங்கள். உதறுவது போதாது. அறைச் சுவர் வெடிப்பைச் சுண்ணாம்பு வைத்துப் பூசுங்கள். கொட்டையோடு வைக்கிற புளியைக் கட்டுவதற்கு முன் உச்சி வெயிலில் கருப்புப் படுதா விரித்து, மெல்லிசாகப் பரப்பி, மேலே ஒளி ஊடுருவும் பாலித்தீன் தாளைப் போட்டு ஓரத்தில் மண் போட்டு மூடுங்கள். பயறு வண்டுகளில் செய்த சோதனையில் 57 டிகிரி வெப்பம் ஒரு மணி நேரம் இருந்தால் முட்டை முதல் வண்டு வரை எல்லா நிலையும் செத்துவிடுகிறது. நம் பங்குனி வெயிலில் தாளுக்கு அடியில் அந்தச் சூடு கிடைக்கும். புளிக்கு இரண்டு மூன்று நாள் செய்வது நல்லது, ஏனென்றால் சதைக்குள் இருக்கிற கொட்டைக்குச் சூடு மெதுவாகத்தான் இறங்கும். நிறம் கொஞ்சம் கருக்கும், அதைத் தெரிந்தே செய்யுங்கள்.

மரத்தடியில் மிச்சப் பழம் கிடக்க விடாதீர்கள். அடுத்த வருடத்து வண்டு அதிலிருந்துதான் கிளம்பும். பூச்சிமருந்து அடிக்க வேண்டாம் என்று நான் சொல்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு. உஸ்கானா என்று ஒரு குளவி வகை, ஒரு மில்லிமீட்டர் கூட இருக்காது, இந்த வண்டின் முட்டைக்குள் தன் முட்டையை வைக்கும். மருந்து அடித்தால் முதலில் சாவது அதுதான்.

ஒரு வேலை தருகிறேன், உங்கள் மகளிடம் சொல்லுங்கள். உலுக்காமல் இருக்கிற மரத்திலிருந்து கையால் பறித்த இருபது பழம், தரையில் கிடந்த இருபது பழம், சீமைக்கருவேல நெத்து ஒரு கைப்பிடி. மூன்றையும் மூன்று கண்ணாடி பாட்டிலில் போட்டு, வாயில் மெல்லிய துணி கட்டி, நாள் எழுதி வையுங்கள்.


தொண்டி அயிரை
மார்ச் 22, இரவு 7.20

செல்வி அக்கா, வண்டு விழுந்த புளியைக் கரைச்சு வடிகட்டிக் குழம்பு வைக்கலாமான்னு எங்க வீட்டுல கேக்குறாங்க. மீன் கிடைச்ச அன்னைக்குப் புளியைத் தூக்கிப் போட மனசு வரல.


உச்சிப்புளி வாத்தியார்
மார்ச் 22, இரவு 8.00

ஒன்றிரண்டு கொட்டையில் மட்டும் ஓட்டை இருந்தால் அந்தச் சுளையை எறிந்துவிட்டு மற்றதைப் பயன்படுத்தலாம். பொடி கொட்டி, வாடை மாறியிருந்தால் வேண்டாம்.


திருப்புல்லாணி செல்வி
மே 4, இரவு 9.00

ஐயா, மகள் எழுதி வச்சதை அப்படியே சொல்றேன். பாட்டில் மார்ச் 23 அன்னைக்குக் கட்டுனோம்.

தரையில கிடந்த பழம் இருபதுல, ஏப்ரல் 9 காலையில முதல் புழு வெளிய வந்துச்சு. குண்டா, வெள்ளையா. கண்ணாடிச் சுவர்ல ஏறி, மூடித் துணிக்குக் கீழ ஒரு நாள் முழுக்கச் சுத்திச் சுத்தி அந்தக் காகிதக் கூட்டைக் கட்டிருச்சு. நாங்க எல்லாரும் சோறு கூட மறந்து பாத்துக்கிட்டு இருந்தோம். இன்னைக்கு வரைக்கும் அந்தப் பாட்டில்ல பதினேழு வண்டு. கையால பறிச்ச பழத்துல மூணே மூணு, அதுவும் வெடிச்சிருந்த பழத்துல. மரத்துலயே வருதுன்னு அந்தப் பிள்ளை சொன்னது சரியாப் போச்சு.

நெத்து பாட்டில்ல ரெண்டு வண்டு. தொடையில சீப்பு இருக்கு, ஆனா உடம்பு கொஞ்சம் சின்னது. புளியில வந்ததும் இதுவும் ஒண்ணுதானான்னு மக கேக்குறா. எனக்குச் சொல்லத் தெரியல. ரெண்டையும் தனித்தனியா உறைநிலையில வச்சிருக்கேன்.

தரைப் பழம் முழுக்கக் கொட்டை எடுத்தாச்சு. கொட்டையோட ஒரு மூட்டைதான் வச்சிருக்கேன், வெயில்ல போட்டு எடுத்தது. வாரம் ஒரு தடவை சாக்கு மூலையைத் தடவிப் பாக்குறேன். இதுவரைக்கும் கூடு எதுவும் கைக்குத் தட்டுப்படல.


உச்சிப்புளி வாத்தியார்
மே 5, காலை 6.00

அம்மா, அந்த இரண்டு வண்டையும் பத்திரமாக வையுங்கள். எந்த மரத்தடி, எந்த நாள் என்று சீட்டு எழுதி டப்பாவுக்குள்ளேயே போடுங்கள், மேலே ஒட்டினால் உதிர்ந்துவிடும். ஞாயிற்றுக்கிழமை திருப்புல்லாணி வருகிறேன். நுண்ணோக்கியும் கொண்டுவருகிறேன். மண்டபம் மாணவியும் வர முடிந்தால் வரட்டும், ஆண் வண்டைப் பிரித்துப் பார்க்க அவள் கை நடுங்காது, என் கை இப்போது நடுங்குகிறது. உங்கள் மகளைக் கட்டாயம் வீட்டில் இருக்கச் சொல்லுங்கள்.


மண்டபம் மாணவி
மே 5, காலை 7.25

வர்றேன் ஐயா. அக்கா, குடைவேல நெத்தும் கொஞ்சம் பொறுக்கிட்டு வர்றேன், வாலிநோக்கம் பக்கம் நிறையக் கிடக்கு. நாலாவது பாட்டில் ஒண்ணு காலியா வைங்க.